இடது பின்கதவு மட்டும் பூட்டவில்லை: சென்ட்ரல் லாக் மோட்டாரை வீட்டிலேயே மாற்றிய கதை

ரிமோட்டை அமுக்கினால் எங்கள் காரில் மூன்று கதவுகள் ஒரே குரலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இடது பின்கதவு மட்டும் ஒரு முனகலோடு நின்றுவிடும். லாக் குமிழ் பாதி தூரம் இறங்கும், சில நேரம் அசையவே அசையாது. கையால் அமுக்கிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பின்சீட்டில் யார் இறங்கினாலும் நான் வண்டியைச் சுற்றிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. பார்க்க மறந்து, லேப்டாப் பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் நாள் ஒன்று வராமலா போகும்?

அக்சஸரீஸ் கடையில் கேட்டால், கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் "செட்டையே மாத்திடலாம் சார்" என்றார்கள். நான்கு மோட்டார், புது ரிமோட், புது கன்ட்ரோல் பெட்டி. ஒரு கதவுக்கு எதற்கு நான்கு மோட்டார் என்று திரும்பி வந்துவிட்டேன்.

வண்டி பத்து வருடத்துக்கு மேல் ஓடிய சின்ன ஹேட்ச்பேக், கீழ் வேரியன்ட். முன்பக்கம் பவர் விண்டோ, பின்பக்கம் கையால் சுற்றும் கைப்பிடி. கம்பெனியிலிருந்து வரும்போது இதில் சென்ட்ரல் லாக் கிடையாது. முதலில் வைத்திருந்தவர் வெளியில் போட்டிருக்கிறார். எல்லா மாடலுக்கும் பொருந்தும்படி விற்கும் யுனிவர்சல் கிட். பழைய சின்னக் கார்களில் இந்த வகைதான் அதிகம் பார்க்கிறேன். லாக்குக்குள்ளேயே மோட்டாரை வைத்து ஒரே பாகமாக வரும் கம்பெனி வகையைப் பற்றிப் பின்னால் இரண்டு வரி சொல்கிறேன்.

இந்த யுனிவர்சல் மோட்டார், அதாவது ஆக்சுவேட்டர், உள்ளங்கை நீளத்தில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், இரண்டு மூன்று பிளாஸ்டிக் பற்சக்கரம், அவை தள்ளும் ஒரு தண்டு. தண்டு சுமார் 2 சென்டிமீட்டர் வெளியே வரும், உள்ளே போகும். அவ்வளவே. அதற்கென்று மூளை எதுவும் கிடையாது. இரண்டே வயர். ஒன்றில் பாசிட்டிவ் கொடுத்தால் தண்டு வெளியே, மாற்றிக் கொடுத்தால் உள்ளே. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டிதான் ரிமோட் சொல்கிறபடி இரண்டு ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்சுகளை, வைத்து இந்தத் திசை மாற்றத்தைச் செய்கிறது. சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் அந்த ரிலேக்கள் வழியாக பாடியோடு, அதாவது நெகட்டிவோடு இணைந்திருக்கும். ரிமோட்டை அமுக்கினால் ஏதாவது ஒரு வயரில் மட்டும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் 12 வோல்ட் வந்து போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சோதனையெல்லாம் தானாகப் புரியும்.

மின்சாரமே இல்லாமலும் இந்த வேலை ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. 1976-இல் வந்த பென்ஸ் டபிள்யூ123 காரின் சென்ட்ரல் லாக் வெற்றிடத்தில் ஓடியது. ஒவ்வொரு கதவுக்கும் மெல்லிய குழாய், குழாயின் முடிவில் ஒரு ரப்பர் சவ்வு, அது இழுக்கும் கம்பி. குழாய் எங்காவது கசிந்தால் லாக் படுத்துவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களை நினைத்தால் இரண்டு வயர் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றுகிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கதவில் சத்தமே இல்லை என்றால் கரன்ட் வரவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. 'ஙொய்' என்று மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் குமிழ் அசையவில்லை என்றால் பற்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் நழுவியிருக்கும். பூட்டிய கையோடு எல்லாக் கதவும் திரும்பத் திறந்துகொண்டால் டிரைவர் கதவைப் பார்க்க வேண்டும். நான்கு கதவுமே ஊமையாகிவிட்டால் கதவைக் கழற்றவே வேண்டாம், ஃபியூஸிலிருந்து ஆரம்பிக்கலாம். என் கதவு இதில் எதிலும் சேராத ரகம்: முனகியது. முனகல் என்றால் மோட்டார் முயற்சி செய்கிறது, ஆனால் தெம்பு போதவில்லை. எதிரே சுமை அதிகம், அல்லது மோட்டார் பலவீனம், அல்லது வரும் கரன்ட் பற்றவில்லை.

சுமையைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். குமிழைக் கையால் மேலும் கீழும் இழுத்து, பக்கத்துக் கதவின் குமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே மாதிரி லேசாகப் போயின. இந்தக் கதவு மட்டும் கனமாக இருந்திருந்தால் லாட்ச்சை, அதாவது கதவைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுப் பாகத்தை, சுத்தம் செய்து கிரீஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இறுகிய லாட்ச்சை இழுத்து இழுத்தே செத்துப்போகும் மோட்டார்கள் உண்டு. அந்த நிலையில் புது மோட்டார் போட்டால் அதுவும் அதே வழிக்குத்தான் போகும்.

அடுத்தது டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை. பின்கதவாக இருந்ததால் சுற்றுக் கைப்பிடியில்தான் முதல் தலைவலி. அதை வெளியிலிருந்து பார்த்தால் ஸ்க்ரூ எதுவும் தெரியாது. கைப்பிடிக்குப் பின்னால், பேடை ஒட்டி, லாட வடிவில் ஒரு கம்பி கிளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருப்புளியை விட்டு நெம்பினால் பேடில் கீறல்தான் விழும். ஒரு பழைய பருத்தித் துணியை நீளவாக்கில் கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு தயிர் கடைவது போல மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கிளிப்பின் முனையில் துணி மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தள்ளும்போது கிளிப் பறக்கும். சீட்டின் மேலும் தரையிலும் ஒரு பெட்ஷீட்டை விரித்துவிட்டுச் செய்தால் தேட வேண்டியதில்லை. கழற்றுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். கதவுக்குள் கை போக இடம் வேண்டும்.

மற்றபடி பேட் வழக்கம்போல்தான். பிடித்து இழுக்கும் கைப்பிடிக்குள் மூடி போட்டு மறைத்த இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ, திறக்கும் கைப்பிடியைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் ஒன்று, குமிழைத் திருகினால் அது தனியாக வந்துவிடும். அப்புறம் கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பிளாஸ்டிக் கிளிப்பாக 'பட் பட்' என்று பிரித்து, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்க வேண்டும். கண்ணாடி ஓரத்தில் அது கொக்கி போல மாட்டியிருப்பதால் நேராக இழுத்தால் உடையும். நம் ஊர் வெயிலில் பத்து வருடம் நின்ற கிளிப்புகள் சில உடையத்தான் செய்யும். அதே அளவு கிளிப் ஒரு பொட்டலம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு கிளிப்புக்காகக் கடைக்கு ஓட வேண்டாம்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே பாதிதான் இருந்தது. சென்ட்ரல் லாக் போட்டவர்கள் நடுவில் கத்தியால் கிழித்து வேலையை முடித்துவிட்டு, அப்படியே பேடை மாட்டிவிட்டிருக்கிறார்கள். இந்த ஷீட்டைப் பல பட்டறைகளில் தூசி மறைப்பு என்றே நினைக்கிறார்கள். கார் கதவின் உட்புறம் நனைவதற்கென்றே செய்யப்பட்ட இடம். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீரில் ஒரு பங்கு ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். கீழ் விளிம்பில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போகும். இந்த ஈரமான பகுதிக்கும் நாம் உட்காரும் பகுதிக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் அந்த ஷீட்தான். பின்சீட்டுக் காலடியில் மழைக்காலம் முழுக்க வரும் பூஞ்சை வாடை எங்கிருந்து என்று அப்போதுதான் புரிந்தது. புதிய கார்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சிலவற்றில் பக்கவாட்டு மோதலை, கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தை வைத்து அறியும் சென்சார் இருக்கிறது. அங்கே ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போவது அழுக்கு வேலை மட்டுமல்ல, ஆபத்தான வேலை.

இப்போது கரன்ட். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

மல்டிமீட்டர் இந்த இடத்தில் இரண்டு விதத்தில் ஏமாற்றும். முதலாவது, வருவது ஒரு விநாடிக்கும் குறைந்த துடிப்பு. சாதாரண டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டத் தயாராவதற்குள் அது போய்விடும். இரண்டாவது, மீட்டர் கிட்டத்தட்ட கரன்டே இழுப்பதில்லை. வயருக்குள் பத்து இழை அறுந்து ஒரே இழை பாக்கி இருந்தாலும் மீட்டரில் 12 வோல்ட் ஜம்மென்று தெரியும். அந்த ஒற்றை இழையை நம்பி மோட்டாரை ஓட்ட முடியாது. அதனால் பல்பைத்தான் நம்புவேன். அதிலும் நம்பர் பிளேட்டுக்குப் போடும் 5 வாட் பல்ப் போதாது, அது அரை ஆம்பியர்கூட இழுக்காது. பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்ப் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் கேட்கும் அளவுக்கு அது கொஞ்சமாவது பக்கத்தில் வருகிறது.

மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் மோட்டாருக்கு அருகில் பிரித்து, பல்பை அந்த இரண்டு வயருக்கும் குறுக்கே மாட்டினேன். ஒரு முனையை பாடியில் வைத்தால் பூட்டும்போது மட்டுமோ திறக்கும்போது மட்டுமோதான் எரியும்; இரண்டுக்கும் குறுக்கே வைத்தால் இரண்டு முறையும் எரியும். மகளிடம் ரிமோட்டைக் கொடுத்தேன்.

"அப்பா, பூட்டவா திறக்கவா?"

"மாத்தி மாத்தி அமுக்கிட்டே இரும்மா."

கதவு முழுக்கத் திறந்திருந்தபோது பல்ப் சோகமாக ஒரு மஞ்சள் கோடு காட்டியது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. திரும்பத் திறந்தால் மங்கல். கதவின் கோணத்துக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றால் கோளாறு கீல் பக்கம், கதவுக்கும் பி-பில்லருக்கும் (முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நிற்கும் தூண்) நடுவே மடங்கி மடங்கி நிமிரும் வயரில்.

அங்கே போய்ப் பார்த்தால் வயரைக் காக்க இருக்க வேண்டிய ரப்பர் குழாய் எதுவும் கிடையாது. மூடியிருந்த ரப்பர் அடைப்பைக் கீறி, மெல்லிய இரண்டு வயரை அப்படியே தகரத்தின் விளிம்பு வழியாக நுழைத்து விட்டிருக்கிறார்கள். மேல் உறையில் வெட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரல்களால் பிடித்து லேசாக இழுத்ததும் நீல வயர் ஒரு இடத்தில் நீண்டு கொடுத்தது. நல்ல செம்பு வயர் நீளாது. உள்ளே இழைகள் அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி நீளும்.

அப்படியானால் மோட்டார் நல்லதா? அதையும் தனியாகப் பார்த்தேன். பழைய யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்து வைத்திருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் கதவுக்கு அருகில் கொண்டுவந்து, நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, மோட்டாரின் இரண்டு வயரையும் தொட்டு எடுத்தேன். ஒரு எச்சரிக்கை: கன்ட்ரோல் பெட்டியிலிருந்து வரும் வயரை முழுக்கப் பிரித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு வயரும் நெகட்டிவில் உட்கார்ந்திருக்கும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, பிரிக்காமல் பாசிட்டிவைத் தொட்டால் நேரடி ஷார்ட். தொடுவதும் அரை விநாடிதான். தண்டு எல்லைக்குப் போன பிறகும் கரன்ட் ஓடினால், நின்றுபோன மோட்டார் பல ஆம்பியரைக் குடித்துச் சூடாகும். இப்படிச் சூடானால் கரன்டைத் தானாகக் குறைக்கும் ஒரு சின்னப் பாகத்தைப் பல மோட்டார்களில் உள்ளேயே வைத்திருப்பார்கள். தொடர்ந்து விளையாடிக்கொண்டிருந்தால் நல்ல மோட்டார்கூடச் சற்று நேரம் செத்தது போல நடிக்கும், ஆறியதும் எழுந்துவிடும். அதைப் பார்த்து மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

என் மோட்டார் நடிக்கவில்லை. புத்தம்புதிதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலும் தண்டு முக்கி முனகித்தான் நகர்ந்தது. ஆக வயரும் போச்சு, மோட்டாரும் போச்சு. செட்டையே மாற்றியிருந்தால் புது மோட்டார் பழைய வயரில் அதே முனகலைப் போட்டிருக்கும். கன்ட்ரோல் பெட்டியும் மற்ற மூன்று மோட்டார்களும் எந்தக் குறையும் இல்லாமல் குப்பைக்குப் போயிருக்கும்.

சென்னையில் இந்த மாதிரிப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, நம் வாயில் ஜி.பி. ரோடு. இரண்டு வயர் மோட்டார் ஒன்று 300 ரூபாய்க்குள் கிடைத்தது. தனியாகத் தரமாட்டேன் என்கிற கடைகளும் உண்டு, இரண்டு கடை தள்ளிப் போனால் தருகிறார்கள். வாங்கும்போது தண்டின் அடியில் ரப்பர் பெல்லோஸ், அதாவது தண்ணீர் போகாமல் தடுக்கும் மடிப்பு உறை, இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாததை எடுக்காதீர்கள். அப்புறம் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் இதே மாடலின் மேல் வேரியன்ட் கதவு ஒன்றிலிருந்து கீல் பக்கத்து ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டேன். மேல் வேரியன்டில் பவர் விண்டோ, ஸ்பீக்கர் எல்லாம் இருப்பதால் கம்பெனியே அங்கே குழாய் போட்டிருக்கும். ஓட்டையின் அளவும் நம் கதவில் அதேதான். "அண்ணே, கதவு வேணாம், இந்த ரப்பர் மட்டும்" என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

வயர் வேலையைத் தொடங்கும் முன் வண்டி பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தேன். பி-பில்லர் மூடியைப் பிரிக்கப் போகிறோம், சீட் பெல்ட்டின் பாகங்கள் அங்கே இருக்கின்றன. பல வண்டிகளில் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துப் பாகமும் அந்த இடத்தில்தான். அறுந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது இங்கே உதவாது. சால்டர் ஏறிய இடம் விறைப்பாகிவிடும். மடங்கும் பகுதியில் அதை வைத்தால் சால்டர் முடியும் விளிம்பில் அடுத்த முறிவு வரும். அதனால் பில்லருக்குள் ஓர் அசையாத இடத்திலிருந்து கதவுக்குள் ஓர் அசையாத இடம் வரை இரண்டு வயரையும் முழு நீளத்துக்குப் புதிதாகப் போட்டேன். வாகனங்களுக்கென்று விற்கும் 1 சதுர மில்லிமீட்டர் பல இழை வயர். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய வயர் மீதம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், இழைகள் தடியாக இருந்தால் சீக்கிரம் உடையும். இணைப்பை சால்டர் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். முன்பு முறுக்கிச் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகிப் பிசினாகிக் கையெல்லாம் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவினேன்.

பழைய மோட்டாரைக் கழற்றுவது இரண்டு ஸ்க்ரூ, ஒரு கிளாம்ப். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது மாட்டியிருந்த விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தண்டு வானத்தைப் பார்த்தபடி, கண்ணாடிக்கு நேர் கீழே. குமிழிலிருந்து லாட்ச்சுக்கு இறங்கும் கம்பியில் வழியும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் கிளாம்ப் வழியாகத் தண்டுக்கு வந்து, நேராகப் பெட்டிக்குள் போகும் அமைப்பு. பெல்லோஸ் எப்போதோ கிழிந்துவிட்டிருந்தது. பிறகு பெட்டியை உடைத்துப் பார்த்தேன்: மோட்டாரின் இரும்புக் கூடு துருவேறி, வெள்ளை கிரீஸ் காபிப்பொடி நிறத்தில் சகதியாகி, முனைகளில் பச்சைக் களிம்பு. சென்னையின் வடகிழக்குப் பருவமழைகளை இத்தனை வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

புது மோட்டாரைத் தலைகீழாக வைத்தேன். தண்டு கீழ்நோக்கி, பெட்டி மேலே. இப்போது வயர் நுழையும் பக்கம் மேலே வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். வயர் நுழையும் இடம் அசையாது, அதைச் சிலிக்கான் வைத்து மூடிவிடலாம். தண்டு உள்ளே வெளியே போய்க்கொண்டிருக்கும் இடத்தை அப்படி மூட முடியாது. வயரையும் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் ஒரு வளைவாகக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றிக் கொண்டுபோனேன். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

தலைகீழாக வைத்தால் திசையும் மாறும். முன்பு தண்டு உள்ளே போனால் குமிழ் இறங்கிப் பூட்டும். இப்போது வெளியே வந்தால்தான் இறங்கும். அதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றி இணைத்தால் முடிந்தது.

பொருத்துவதில் நேரம் போவது நேர்கோட்டுக்குத்தான். தண்டிலிருந்து வரும் கம்பியும் லாக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் பற்சக்கரம் ஒரு பக்கமாகத் தேயும், சத்தமும் கரகரவென்று வரும். குமிழைப் பாதி உயரத்தில் வைத்து, மோட்டார் தண்டையும் பாதி வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, அந்த நிலையில் கிளாம்ப்பை லேசாக முடுக்கினேன். அப்புறம் குமிழை மேலும் கீழும் எல்லை வரை கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் லாட்ச்தான் முதலில் தன் எல்லையைத் தொட வேண்டும், மோட்டாருக்கு இன்னும் சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். மோட்டார் முதலில் முட்டினால் கதவு அரைகுறையாகப் பூட்டும். ஒரு நாள் பூட்டும், ஒரு நாள் பூட்டாது. சரியாக வந்த பிறகு கிளாம்ப்பின் இரண்டு ஸ்க்ரூவையும் அழுத்தமாக முடுக்கி, மிச்சக் கம்பியை வெட்டிவிட்டேன்.

புது இடத்துக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ட்ரில் பிட்டில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் விட்டு மீதியில் டேப்பைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டால் தகரத்தைத் தாண்டி உள்ளே பாயாது. கண்ணாடி மேலேயே இருக்கட்டும். ஓட்டையின் விளிம்பில் பிரைமர் தடவி, காய்ந்த பிறகு ஸ்க்ரூ. மாட்டியதும் சுற்றுக் கைப்பிடியைத் தற்காலிகமாகச் சொருகி, கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்தேன். ஸ்க்ரூ முனையோ கம்பியோ கண்ணாடியைத் தொடக் கூடாது.

லாட்ச்சையும் சும்மா விடவில்லை. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துப் பழைய கிரீஸைக் கழுவி, துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். ஸ்ப்ரேயே மசகு என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கழுவத்தான் லாயக்கு, கொஞ்ச நாளில் ஆவியாகிவிடும்.

பேடை மாட்டுவதற்கு முன் கதவைத் திறந்து வைத்தபடியே சோதிக்க வேண்டும். ஏதாவது சிக்கினால் சாத்திய கதவுக்குள் மாட்டிக்கொண்ட லாட்ச்சைத் திறப்பது பெரும்பாடு. திருப்புளியின் தண்டை லாட்ச்சின் நாக்கில் வைத்துத் தள்ளினால் 'டக் டக்' என்று இரண்டு படியாக மூடிக்கொள்ளும். கதவு சாத்தியிருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். இந்த நிலையில் ரிமோட்டில் பூட்டி, வெளிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. ரிமோட்டில் திறந்து இழுத்தேன், நாக்கு விடுபட்டது. பின்கதவென்பதால் சைல்ட் லாக்கையும் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் நாக்கு திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் கதவைச் சாத்தாதீர்கள். மூடிய நாக்கு, கதவு வந்து சாத்தும் பக்கத்தில் இருக்கும் இரும்பு வளையத்தில் இடித்து இரண்டும் நெளியும்.

அடுத்து ஷீட். பழையதை மீட்க முடியவில்லை. கான்கிரீட் வேலைக்கு விற்கும் தடித்த பாலிதீனைப் பேடின் அளவுக்கு வெட்டி, கருப்பு பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினேன். கீழ் விளிம்பு மட்டும் வெளியே தொங்காமல், கதவின் உள்தகரத்தில் இருக்கும் திறப்புக்குள் செருகியிருக்க வேண்டும். ஷீட்டில் வழியும் தண்ணீர் அப்போதுதான் கதவுக்குள்ளேயே விழும், வெளியே விட்டால் நேராகக் காலடி விரிப்புக்கு வரும். கதவின் அடி விளிம்பு ஓட்டைகளில் மண்ணும் வேப்பிலைச் சருகும் அடைத்திருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிட்டு, வெளியிலிருந்து கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் ஒழுகி வந்தது. பாலிதீனின் உள்பக்கம் காய்ந்தே இருந்தது. சரி, பேடை மாட்டலாம். சுற்றுக் கைப்பிடிக்கு மட்டும், கிளிப்பை முதலில் கைப்பிடியில் சொருகிவிட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் அது தானாக உட்கார்ந்துவிடும்.

லாக்குக்குள்ளேயே மோட்டார் இருக்கும் கம்பெனி வகையைப் பற்றிச் சொன்ன இரண்டு வரி: அதில் தனி மோட்டார் பெட்டி கிடையாது, கதவின் ஓரத்தில் இருக்கும் மூன்று ஸ்டார் அல்லது டார்க்ஸ் போல்ட்டைக் கழற்றி லாட்ச்சையே முழுதாக வெளியே எடுத்து மாற்ற வேண்டும். விலை பல மடங்கு. பொறுமை உள்ளவர்கள் பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் சின்ன மோட்டாரை மட்டும் மாற்றுகிறார்கள். பல லாட்ச்களில் இருப்பது எஃப்சி-280 அளவு மோட்டார்தான், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாகக் கிடைக்கும். பழைய மோட்டாரின் தண்டிலிருந்து திருகுப் பற்சக்கரத்தை உடையாமல் இழுத்து எடுப்பதுதான் அதில் வித்தை. கரன்ட் சோதனை, கீல் வயர், ஷீட் எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

டிரைவர் கதவில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே இருப்பது ஐந்து வயர் மோட்டார். என் கிட்டில் நீலமும் பச்சையும் மற்ற கதவுகளைப் போல மோட்டாருக்கு. கருப்பு, வெள்ளை, பிரவுன் மூன்றும் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்சுக்கு. டிரைவர் குமிழை அமுக்கினாரா தூக்கினாரா என்று அந்த சுவிட்ச்தான் கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். அதனால் டிரைவர் கதவுக்கு இரண்டு வயர் மோட்டாரை வாங்கி வந்து மாட்டினால் ரிமோட் வேலை செய்யும், ஆனால் சாவியைப் போட்டுத் திருகினால் அந்த ஒரு கதவு மட்டும்தான் பூட்டும். அங்கேயும் தலைகீழாக மாட்டுவதென்றால் நீலம் பச்சையோடு வெள்ளை பிரவுனையும் இடம் மாற்ற வேண்டும். மோட்டாரை மட்டும் மாற்றி சுவிட்சை விட்டுவிட்டால், கையால் குமிழை அமுக்கிப் பூட்டப் போனால் மற்ற மூன்று கதவும் திறந்துகொள்ளும்.